அடிக்கடி அணையும் விசிறி அடுப்பு: கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்க ஒரு பாடம்

“பத்த வெச்சா நல்லாத்தான் புடிக்குது. உலை கொதிக்கிறதுக்குள்ள அணைஞ்சு போகுது. திரும்பப் பத்த வெக்கிறதுக்குள்ள வீடு பூரா புகை.”

பெல்லட் போட்டு எரிக்கும் பழைய விசிறி அடுப்பு வைத்திருக்கும் தாய்மார்கள் சொல்லும் குறை இது. அடுப்பு அணைவதற்கும் சுகாதாரத் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் நிறைய இருக்கிறது. நன்றாக எரியும் அடுப்பைவிட, எரிந்தும் எரியாமல் குமைந்துகொண்டிருக்கும் அடுப்புதான் உங்கள் குடும்பத்துக்கு அதிகக் கெடுதல் செய்கிறது. சுவாலை அணைந்துவிட்டதே தவிர, அடுப்பு அணையவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அடுப்பைத் தெரிந்துகொள்வோம். கடலைத் தோல், கரும்புச் சக்கை, மரத்தூள் போன்றவற்றை இயந்திரத்தில் இறுக்கி அழுத்தி, சிறு சிறு குச்சித் துண்டுகளாகச் செய்வதுதான் பெல்லட். இதை எரிக்கும் அடுப்பு ஒன்றைப் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் வடிவமைத்தார்கள். ‘ஊர்ஜா’ என்ற பெயரில் 2006-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் அது விற்பனைக்கு வந்தது. சுமார் நான்கு லட்சம் அடுப்புகள் விற்றன. இதே முறையில் வேறு பெயர்களிலும் அடுப்புகள் வந்திருக்கின்றன. இன்று பல வீடுகளில் கேஸ் வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீர் வைக்க, பருப்பு வேகவைக்க, சிலிண்டரை மிச்சம் பிடிக்க என்று இந்தப் பழைய அடுப்பு மூலையில் இருந்து அவ்வப்போது வெளியே வருகிறது.

இது விறகடுப்பு போல வேலை செய்வதில்லை. விறகடுப்பில் தீ கீழே, விறகு மேலே. இதில் பெல்லட்டைக் குழியில் நிரப்பி மேலிருந்து பற்ற வைக்கிறோம். தீ மேலிருந்து கீழாக இறங்குகிறது. அடியில் உள்ள சிறு விசிறி காற்றை இரண்டாகப் பிரித்து அனுப்புகிறது. கொஞ்சம் காற்று குழியின் அடித்தட்டு ஓட்டைகள் வழியாக வந்து பெல்லட்டைக் குமைய வைத்துப் புகையாக்குகிறது. மீதிக் காற்று குழியின் மேல் விளிம்பில் சுற்றிலும் இருக்கும் ஓட்டைகள் வழியாக வந்து அந்தப் புகையையே எரிக்கிறது. ஆம், நீங்கள் பார்க்கும் சுவாலை, புகை எரிவதுதான். கீழ்க்காற்று நின்றால் தீ மங்கும். மேல்காற்று நின்றால் எரிய வேண்டிய புகை எரியாமல் வீட்டுக்குள் வரும். அடுப்பின் எல்லாக் கோளாறும் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

சுவாலை போனபின் வரும் புகையில் என்ன இருக்கிறது? கண்ணை எரிக்கும் பகுதி நமக்குத் தெரியும். நுரையீரலின் அடி வரை போய்ப் படியும் நுண்ணிய துகள்கள் கண்ணுக்குத் தெரியாது. இவற்றோடு கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவும் வருகிறது. (கரியமில வாயு வேறு, இது வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள்.) இதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கி, குழியில் செங்கங்கு மட்டும் இருக்கும்போதும் இது வந்துகொண்டேயிருக்கும். இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளை, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்போடு இது பற்றிக்கொள்கிறது. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஏறினால் வயிற்றில் இருக்கும் சிசுவின் இரத்தத்திலும் ஏறும். தாய் வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசித்துத் தெளிந்த பிறகும், சிசுவின் இரத்தத்திலிருந்து அது இறங்க அதிக நேரம் பிடிக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிறையாத குழந்தைகள். குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் நிமோனியா என்னும் நுரையீரல் காய்ச்சல்.

சரி, அடுப்புக்கு வருவோம். அடுப்பு அணைந்தால் பல வீடுகளில் நடப்பது என்ன?

“உனக்குப் பத்த வெக்கவே தெரியல புள்ள.”

“ஆமாங்க, நீங்க வாங்கிட்டு வந்த மூட்டை அப்படி. சும்மா ஏன் என்னைச் சொல்றீங்க?”

இதில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். சண்டை போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வேலையில்லாத ஒரு நாளில் அடுப்பை முற்றத்தில் வைத்து, இருவரும் அருகில் இருந்து, கடிகாரம் பார்த்து ஒரு முறை எரியவிடுங்கள். சுவாலை எத்தனையாவது நிமிஷத்தில் மங்குகிறது என்று கவனியுங்கள். எப்போது அணைகிறது என்பதே, ஏன் அணைகிறது என்பதற்குப் பாதி விடை.

ஐந்து நிமிஷத்துக்குள் அணைந்தால் பெரும்பாலும் பெல்லட்டில் ஈரம். பெல்லட் பார்க்கக் காய்ந்தது போலவே இருக்கும். ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் ஒடித்துப் பாருங்கள். ‘படக்’கென்று ஒடிந்தால் நல்லது. ஓசையில்லாமல் உதிர்ந்தாலோ, தொட்டால் பூத்துப்போனது போல மெத்தென்று இருந்தாலோ அது ஈரம் குடித்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் தரையில் வைத்த சாக்கு மூட்டை, மழை நீர் படாமலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். லேசான ஈரமானால் ஒரு நாள் நல்ல வெயிலில் பரப்பிக் காயவைத்தால் போதும். உப்பி, வெடித்து, உதிர்ந்துவிட்ட பெல்லட் எத்தனை நாள் காய்ந்தாலும் பழைய கெட்டித்தன்மைக்குத் திரும்பாது. அதை இந்த அடுப்பில் போடாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், பலகைமேல், தண்ணீர்க் குடத்துக்கு எட்டத் தள்ளி வையுங்கள். மூட்டை வாங்குபவர் வீட்டு ஆண்பிள்ளையாக இருந்தால், விலை பேசுவதற்கு முன் மூட்டைக்குள் கைவிட்டு அடியிலிருந்து நாலு துண்டு எடுத்து ஒடித்துப் பார்க்க வேண்டும். நெல் வாங்கும்போது கடித்துப் பார்ப்பதில்லையா?

பெல்லட் காய்ந்திருந்தும் ஐந்து நிமிஷத்தில் அணைகிறதென்றால், பற்ற வைக்கும் முறையில் கோளாறு. குழியை வாய் வரை நிரப்பக் கூடாது. மேல் விளிம்பு ஓட்டைகளுக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் இருக்க வேண்டும். ஓட்டைகளைப் பெல்லட் மூடிவிட்டால் மேல்காற்று எப்படி வரும்? நிரப்பிய பிறகு மேலே தேங்காய் நார், காய்ந்த சுள்ளி கொஞ்சம் பரப்பிப் பற்ற வையுங்கள். மேற்பரப்பு முழுவதும் தீ பிடித்த பின்பே விசிறியைப் போட வேண்டும். அதுவும் முதல் இரண்டு மூன்று நிமிஷம் குறைந்த வேகத்தில். எடுத்தவுடன் முழு வேகத்தில் வைத்தால், அகல் விளக்கை ஊதி அணைப்பது போல விசிறியே அணைத்துவிடும்.

பத்து, பதினைந்து நிமிஷம் நன்றாக எரிந்து பிறகு மெல்ல மங்கினால், பெல்லட்டைச் சந்தேகிக்காதீர்கள். விசிறியைப் பாருங்கள். பழைய அடுப்புகளில் இதுதான் முக்கியமான கோளாறு, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடுப்பு ஆறியிருக்கும்போது, குழி காலியாக இருக்கும்போது, விசிறியை முழு வேகத்தில் போட்டு, மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை நூலில் கட்டிக் குழிக்கு மேலே பிடியுங்கள். காகிதம் படபடவென்று ஆட வேண்டும். பதினைந்து நிமிஷம் கழித்து மீண்டும் பிடியுங்கள். ஆட்டம் குறைந்திருந்தால் பேட்டரி சார்ஜ் நிற்கவில்லை என்று பொருள். சார்ஜ் ஏற்றி ஏற்றிப் பயன்படுத்தும் பேட்டரிக்கு ஆயுள் உண்டு. சில நூறு முறைக்குப் பின் அது தளர்ந்துவிடும். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் மூலையில் போட்டிருந்தாலும் கெடும். உங்கள் அடுப்பின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் போட்ட பேட்டரியே இன்னும் இருந்தால், அதில் குறை காண எதுவும் இல்லை, அது உழைத்து ஓய்ந்துவிட்டது.

பேட்டரி மாற்றுவதற்கு முன் அதன் இரு முனைகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், உலர்ந்த துணியால் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே பல அடுப்புகள் பிழைத்துக்கொள்ளும். விசிறி இலைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டடையும் சேர்ந்திருக்கும், கரப்பான்பூச்சி குடியிருந்தாலும் ஆச்சரியமில்லை. காய்ந்த தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி மாற்ற வேண்டுமானால் பழையதைக் கையோடு எடுத்துப்போய் அதே அளவு, அதே வோல்ட் உள்ளதை வாங்குங்கள். “இந்த சார்ஜரைப் போட்டா நல்லா ஸ்பீடா சுத்தும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிக வோல்ட் கொடுத்தால் விசிறி வேகமாகச் சுற்றும், சுவாலையைத் தூக்கி அணைக்கும், கொஞ்ச நாளில் தானும் கருகும்.

அடுத்தது தூள், சாம்பல். மூட்டையின் அடியில் தூள் தங்கும். அதையும் சேர்த்துக் கொட்டினால், துண்டுகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளை அடைத்துக் கீழ்க்காற்றை நிறுத்திவிடும். சற்றுப் பெரிய கண்ணுள்ள சல்லடையில் சலித்துப் போடுங்கள். சாம்பலை ஒவ்வொரு முறையும், அடுப்பு முழுக்க ஆறிய பிறகு, கவிழ்த்துக் கொட்ட வேண்டும். கடலைத் தோல் பெல்லட்டில் மரத்தூள் பெல்லட்டைவிடச் சாம்பல் அதிகம். அதிகச் சூட்டில் சாம்பல் உருகி, கொல்லன் உலைக் கசடு போலக் கட்டியாகி அடித்தட்டில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கம்பியால் நெம்பி எடுத்துவிட்டு, தட்டின் ஒவ்வொரு ஓட்டையிலும் சைக்கிள் கம்பியை விட்டு எடுங்கள். பிறகு மேல் விளிம்பு ஓட்டைகள். இங்கேதான் நம் ஊர்ச் சமையலின் வேலை தெரியும். சோறு பொங்கிக் கஞ்சி வழிந்தால் குழிக்குள்தான் விழும். அப்போதைக்குத் தீயை அணைக்கும். பிறகு காய்ந்து ஓட்டைகளில் பசை போல இறுகும். “கீழ்த்தட்டைச் சுத்தம் செஞ்சிட்டேன், ஆனாலும் புகையுது” என்று சொல்பவர்கள் மேல் ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள், எத்தனை திறந்திருக்கின்றன என்று. உலை பொங்கும்போது மூடியை விலக்கி, தீயைக் குறைத்து வைப்பது அடுப்புக்கும் நல்லது.

பாத்திரத்தை வைத்தவுடன் மங்கி, எடுத்தவுடன் எரிகிறதா? பாத்திரம் உட்காரும் முட்டுகள் வளைந்தோ ஒடிந்தோ போயிருக்கும். பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவே சுவாலை வெளியேற இடமில்லை. கம்பிக்கடையில் கொடுத்துச் சரிசெய்யலாம். அகன்ற அண்டாவை இந்த அடுப்பில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, இதைக் கோளாறு என்றே சொல்ல முடியாது. ஊர்ஜா போன்ற அடுப்பில் ஒரு தடவைக்குக் கொள்வது சுமார் 600 கிராம். அது எரிவது ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன்பின் சுவாலை அடங்கிக் கங்குதான் இருக்கும். “அணைஞ்சு போச்சு” என்று நினைத்து நடுவில் ஒரு கை பெல்லட்டை அள்ளிப் போடுகிறோம். புதிய பெல்லட் கங்கின் சூட்டில் குமைந்து பெரும் புகை விடுகிறது. நடுவில் குச்சியை விட்டுக் கிளறினாலும் இதே கதைதான். ஒரு நிரப்பலுக்குள் முடியும் சமையலை மட்டும் இதில் வையுங்கள்.

இப்போது மிக முக்கியமான பகுதி. சமைத்துக்கொண்டிருக்கும்போதே சுவாலை போய்ப் புகை கிளம்பிவிட்டது. என்ன செய்வது?

முகத்தைக் குழிக்கு நேரே கொண்டுபோய் ஊதாங்குழலால் ஊதாதீர்கள். இந்த அடுப்பில் அது பயன்படாது. புகை முழுவதும் உங்கள் நெஞ்சுக்குள் போவதுதான் மிச்சம். விசிறியை நிறுத்தாமல், சற்றுத் தள்ளி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, எரியும் நீளமான சுள்ளி ஒன்றைக் குழியின் வாயருகே காட்டுங்கள். புகை ‘பக்’கென்று பற்றிக்கொள்ளும். ஆகையால்தான் தள்ளி நிற்கச் சொல்கிறேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஒரு தடவை காட்டியும் பற்றாவிட்டால் விட்டுவிடுங்கள், சமையலைக் கேஸுக்கு மாற்றுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் சூடான குழியில் ஊற்றவே கூடாது. ஊற்றிய எண்ணெய் ஆவியாகித் தீக்குச்சி கிழித்த நொடியில் வெடித்தெழும். தண்ணீரும் ஊற்றாதீர்கள், குழியின் உட்பூச்சு விரிசல் விட்டுவிடும்.

இவ்வளவும் வீட்டுக்குள் நடந்தால் ஆபத்து, வெளியே நடந்தால் தொல்லை மட்டுமே. ஆகவே இந்த அடுப்பைத் தாழ்வாரத்திலோ கூரையிட்ட முற்றத்திலோ வைத்தே பற்ற வையுங்கள். எரியும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய அவசியமே வரக்கூடாது. கங்கு சாம்பலாகி, தொட்டால் சில்லென்று ஆகும்வரை அது வெளியிலேயே இருக்கட்டும். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் குளிருக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று அடுப்பையோ கங்குச் சட்டியையோ கொண்டுபோய் வைக்காதீர்கள். கதவை மூடிக் கரி அடுப்பின் பக்கத்தில் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியை நீங்களும் படித்திருக்கலாம். அங்கே புகை இருக்காது. கங்குதான் இருக்கும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வாந்தி, அசாத்தியத் தூக்கம். கார்பன் மோனாக்சைடு ஏறியதற்கு அடையாளம் இவை. கர்ப்பிணிக்கு இவை வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? “மசக்கைதான், சரியாப் போயிடும்” என்பார்கள். மசக்கையாக இருக்கலாம். ஆனால் அடுப்படியில் இருக்கும்போது வந்து, வெளியே வந்து உட்கார்ந்தால் குறைந்து, மறுபடி அடுப்படிக்குப் போனால் வருகிறதா? அல்லது வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியா? உடனே எல்லோரும் வெளியே வாருங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மயக்கமோ குழப்பமோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். வந்தவர்களிடம் அடுப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பிணியானால், தெளிந்துவிட்டது போலத் தோன்றினாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குழந்தைக்கு இருமலோடு மூச்சு வாங்கினால், அது அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணுவதைத் தகப்பனாரும் பழகிக்கொள்ளட்டும்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பைத் துடைப்பது, ஓட்டை குத்துவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் பெண்பிள்ளை வேலை என்று எழுதி வைக்கவில்லை. ஒரு வாரம் அந்த அடுப்பில் கணவர் வெந்நீர் வைத்துப் பார்க்கட்டும். பேட்டரி வாங்க டவுனுக்குப் போவது அடுத்த சந்தைக்குத் தள்ளிப்போகாது. அதேபோல, வீட்டில் கர்ப்பிணியோ இரண்டு வயது நிறையாத குழந்தையோ இருந்தால், “சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துடும்” என்ற கணக்கை அந்தக் காலத்துக்கு மட்டும் தள்ளி வையுங்கள். நன்றாக எரியும் பெல்லட் அடுப்பும் கேஸ் அளவுக்குச் சுத்தமானது அல்ல.

குழியின் உட்பூச்சு உடைந்து உள்ளே இருக்கும் தகரம் தெரிகிறதா, அடித்தட்டு ஓட்டையாகிப் பெல்லட் கீழே விழுகிறதா, விசிறி மாற்றியும் காகிதம் ஆடவில்லையா? அப்படியானால் அந்த அடுப்பு தன் காலத்தை முடித்துக்கொண்டது. அதை வெறும் விறகடுப்பாக வைத்து எரிக்க வேண்டாம், காற்றில்லாமல் அது புகையத்தான் செய்யும். பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். போடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி எடுத்துத் தனியாகப் பேட்டரிக் கடையில் கொடுங்கள். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் வெடிக்கும், குழந்தைகள் கையிலும் கொடுக்க வேண்டாம்.